கதைமாந்தரின் கையில் எவ்வளவு இருக்கிறது?

“அவன் பரம ஏழை” என்று ஒரு கதை தொடங்கினால் வாசகருக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. “வாடகை ஐந்தாம் தேதி, சம்பளம் ஏழாம் தேதி” என்று தொடங்கினால் அந்த ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடுகிறது. இடையில் கிடக்கும் இரண்டு நாளில் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் எந்நேரம் வெளியே போவான், யாரிடம் கைமாற்று கேட்பான், அதற்கு முன் என்ன பொய்யை ஒத்திகை பார்ப்பான், அந்தப் பொய்யில் குடும்பத்தில் யாரை நோயாளியாக்குவான் என்று யோசித்துப் பாருங்கள். குணம் என்று நாம் சொல்வது அந்த இரண்டு நாளுக்குள்தான் இருக்கிறது.

வறுமையும் பண ஆசையும் கதைமாந்தரை எப்படி உருவாக்குகின்றன என்று தெரிந்துகொள்ள வரும் புதியவர்களுக்கு, எழுதுபவரானாலும் வாசிப்பவரானாலும், எங்கள் முதல் யோசனை இது: பரிதாபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதிக்குள் வேண்டும், யாரிடம் கேட்கலாம், யாரிடம் செத்தாலும் கேட்க முடியாது. நல்ல புனைவில் இந்த ஐந்துக்கும் விடை இருக்கும். பக்கத்தில் அச்சாகாவிட்டாலும் எழுதியவர் மனதில் இருக்கும்.

வறுமையும் ஆசையும்

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவது வழக்கம். பிரித்துப் பார்த்தால்தான் வேலைக்கு ஆகும். வறுமை “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையைப் பறிக்கிறது. கேவலமான வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது, அவமதிக்கும் முதலாளியை விட்டு விலக முடியாது, கழுத்தை நெரிக்கும் வட்டியை மறுக்க முடியாது. ஆசை ஒரு படத்தைக் காட்டுகிறது: வேறொரு வீடு, வேறொரு உடை, நம் பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்கும் மனிதர்கள். பசி சாப்பிட்டால் அடங்கும். படத்துக்கு அடங்குவது என்பதே கிடையாது.

ஆனால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். திருக்குறளின் 105ஆம் அதிகாரம் வறுமைக்கே ஆசை என்று பெயர் வைக்கிறது: ‘நல்குரவு என்னும் நசை’ (1043). அந்த நசை பரம்பரைப் பெருமையையும் சொல்லின் மதிப்பையும் சேர்த்துக் கெடுக்கும் என்கிறது அந்தக் குறள். இல்லாதவரின் மனம் இல்லாத பொருளையே சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படிச் சுற்றுவதில் மற்றவை நழுவிப்போகின்றன.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன் கை வறண்டிருந்த நேரத்தில் ஒருமுறையும், அறுவடைக்குப் பின் கையில் பணம் இருந்தபோது ஒருமுறையும் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். அதே விவசாயிகள் அறுவடைக்கு முன் குறைவாகச் செய்தார்கள். அறிவு குறையவில்லை, அது வேறு கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. எழுதுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏழைக் கதைமாந்தரின் மறதியையும் தப்பான முடிவுகளையும் முட்டாள்தனமாகக் காட்டாதீர்கள். நாளைக் காலை வட்டி கட்ட வேண்டியவருக்கு அடுத்த வருடம் என்ற ஒன்று கண்ணுக்கே தெரியாது.

நட் ஹாம்சனின் ‘பசி’ (1890) நாவலில் இதற்கு ஓர் அருமையான இடம் இருக்கிறது. பட்டினி கிடக்கும் எழுத்தாளன், தன்னிடம் காசு கேட்டவனுக்குக் கொடுப்பதற்காகத் தன் அரைக்கோட்டை அடகு வைக்கிறான். பிறகுதான் தெரிகிறது, எழுதுவதற்கு வைத்திருந்த பென்சில் துண்டு அந்தக் கோட்டுப் பையிலேயே போய்விட்டது என்று. ஒரே செயலில் தாராளம், வீம்பு, மறதி, தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்வது எல்லாம் வந்துவிடுகின்றன. ‘பசியால் அவன் மனம் தடுமாறியது’ என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அந்தப் பென்சிலுக்கு ஈடாகாது.

தொகையைச் சொல்லுங்கள்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலைத் தத்துவத்துக்காக வாசிப்பவர்கள் முதல் அத்தியாயத்துக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைக் காசு காசாகக் கூட்டிப் பாருங்கள். நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவ் தன் தந்தையின் கடிகாரத்தை அடகுக்காரக் கிழவியிடம் கொண்டுபோகிறான். நான்கு ரூபிள் கேட்கிறான். ஒன்றரை ரூபிளுக்கு மேல் கிடையாது என்கிறாள். வட்டி ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்). அதையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வாள். ஒன்றரை ரூபிளுக்கு 15 கோபெக். முன்பு வாங்கிய இரண்டு ரூபிளுக்கு இன்னும் 20 கோபெக். மொத்தம் 35 கழிந்து அவன் கையில் வருவது 1 ரூபிள் 15 கோபெக். நான்கை நினைத்துப் படியேறியவன் ஒன்றேகாலுக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு இறங்குகிறான். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் வருடத்துக்கு 120. கிழவி சத்தம் போடவில்லை, திட்டவில்லை, கணக்கு மட்டுமே சொல்கிறாள். பின்னால் அவன் அவளைச் செய்யப்போகும் கொலை அங்கேயே முளைவிட்டிருப்பது வாசகருக்குத் தெரிகிறது.

ஓ. ஹென்றியின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பரிசுக் கதை (1905) ஒரு தொகையோடுதான் ஆரம்பிக்கிறது: 1 டாலர் 87 சென்ட். அதில் 60 சென்ட் ஒற்றைச் சென்ட் காசுகள். கதையின் இளம் மனைவி கடைக்காரர்களிடம் பேரம் பேசிப் பேசி, வெட்கத்தில் கன்னம் எரிய எரிய, ஒன்றும் இரண்டுமாக மிச்சம் பிடித்தவை. தொகை ஒன்றுதான், ஆனால் அது எந்தக் காசுகளால் ஆனது என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் பல மாத வாழ்க்கை உள்ளே வந்துவிடுகிறது. ஒரே நோட்டாக இருக்கும் நூறும் சில்லறையாக இருக்கும் நூறும் கதையில் ஒன்றல்ல.

நம் மொழியில் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934) இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் புருஷன் பால் கஞ்சி கேட்கிறான், வீட்டில் காசில்லை. அம்மாளு இரவில் வெளியே போய் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். கதை தொகையைச் சொல்கிறது, எதற்கு என்பதைச் சொல்கிறது, நடுவில் நடந்ததை விவரிக்காமல் விடுகிறது. அவள் அழுதாளா, கூசினாளா என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியில் ஆசிரியரின் கோபம் கற்பைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பக்கம் திரும்புகிறது. அம்மாளுவின் தலையில் பரிதாபமாக வந்து இறங்கவில்லை. பரிதாபப்பட்டிருந்தால் அவள் சிறுத்துப்போயிருப்பாள்.

கற்பனை ஊரிலோ வாசகருக்குப் பழக்கமில்லாத காலத்திலோ கதை நடந்தால் தொகை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாள்கூலியால் அளந்து காட்டுங்கள். ‘மூன்று நாள் கூலி’, ‘ஒரு வாரச் சாப்பாடு’, ‘அவன் அப்பா ஆறு மாதம் சேர்த்தது’ என்றால் எந்த நாட்டு வாசகருக்கும் எடை தெரியும்.

பணம் எதன் பெயர்?

யாருக்கும் வெறும் பணம் மட்டும் வேண்டியிருப்பதில்லை. அதன் பின்னால் வேறொன்று நிற்கும்: இனி யாரும் என்னை அதட்டக்கூடாது, அண்ணன் முன்னால் நிமிர்ந்து உட்கார வேண்டும், அம்மா கடைசிக் காலத்தில் வலியில்லாமல் போக வேண்டும், என்னை விட்டுப் போனவள் வருந்த வேண்டும். கதைமாந்தருக்கே இது தெரியாமல் இருக்கலாம். எழுதுபவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: கேட்ட தொகையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை என்ன செய்கிறார்? ரஸ்கோல்னிகோவ் கிழவியைக் கொன்று கொள்ளையடித்ததை ஒரு கல்லுக்கு அடியில் புதைத்துவிடுகிறான். பணப்பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே 317 ரூபிள் 60 கோபெக் இருந்தது விசாரணையில்தான் தெரியவருகிறது. நீதிமன்றத்துக்கு அது நம்ப முடியாததாக இருக்கிறது. பணத்துக்காகக் கொன்றவன் எண்ணாமல் விடுவானா? இதற்கு நடுவே, தாய் கடன்பட்டு அனுப்பிய 35 ரூபிளில் பெரும்பகுதியை அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு குடும்பத்தின் சாவுச் செலவுக்குக் கொடுத்துவிடுகிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவன் தேடியது காசு இல்லை, தான் சாதாரணமானவன் இல்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி என்று புரிகிறது. வறுமை அவனை நெருக்கியது உண்மை. அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பையைத் திறந்திருப்பான்.

வெட்கத்துக்கு ஒரு விலை உண்டு

வறுமையைப் பற்றி எழுதும்போது பசியைத்தான் முதலில் நினைக்கிறோம். கதையை அதிகம் நகர்த்துவது வெட்கம். முழு ஏழையைவிட, ஏழை என்று தெரியாமல் மறைக்கப் பாடுபடுபவரிடம் இது இன்னும் கூர்மையாக இருக்கும்.

மாப்பசானின் ‘நெக்லஸ்’ (1884) கதையைப் பலரும் ஆடம்பரத்துக்குக் கிடைத்த தண்டனை என்று வாசிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு தெரிகிறது. மத்தில்து ஒரு குமாஸ்தாவின் மனைவி. விருந்துக்கு உடை வேண்டும். எவ்வளவு என்று கணவன் கேட்டதும், அவன் திடுக்கிட்டு மறுத்துவிடாத தொகை எது என்று மனதுக்குள் கணக்கிட்டு 400 பிராங்க் என்கிறாள். அவன் முகம் வெளுக்கிறது. துப்பாக்கி வாங்கச் சரியாக அவ்வளவுதான் சேர்த்துவைத்திருக்கிறான். கொடுத்துவிடுகிறான். பணக்காரத் தோழியிடம் இரவல் வாங்கிய வைர நெக்லஸ் தொலைகிறது. அதேபோல் ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கித் திருப்பித் தருகிறார்கள். 18,000 கணவனின் தந்தை விட்டுச்சென்றது. மீதி கடன். அதை அடைக்கப் பத்து வருடம் ஆகிறது. அவள் பாத்திரம் தேய்த்து, சூ சூவாக (சூ என்பது பிரெஞ்சுச் சில்லறைக் காசு) பேரம் பேசி முரடாகிறாள். அவன் இரவில் பக்கத்துக்கு ஐந்து சூ வாங்கிக்கொண்டு படியெடுக்கிறான். முடிவில் தோழி சொல்கிறாள்: அது போலி, மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும்.

36,000இலிருந்து 500ஐக் கழியுங்கள். மிச்சம் 35,500. “தொலைத்துவிட்டேன்” என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்கு அந்தத் தம்பதி கொடுத்த விலை அது. தோழி சமமான வசதி உள்ளவளாக இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள். அவள் பணக்காரி என்பதால்தான் வாய் வரவில்லை. ஆசை அவர்களைக் கடைவாசலுக்குக் கொண்டுபோய் விட்டது, உள்ளே தள்ளியது வெட்கம். பத்து வருட உழைப்பில் ஒரு பிடிவாதமான நேர்மையும் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு வாசித்தால் கதை பாதியாகிவிடும்.

உங்கள் கதையிலும் கேளுங்கள்: இந்த ஆள் எந்த உண்மையைச் சொல்லாமலிருக்க எவ்வளவு செலவழிப்பார்?

கேட்கும் காட்சி

கடன் கேட்கும் காட்சி வராத வறுமைக் கதை அபூர்வம். அதில் பேச்சின் நீளத்தைக் கவனியுங்கள். கேட்பவர் நிறையப் பேசுவார், கொடுக்கக்கூடியவர் கொஞ்சமாகப் பேசுவார். கேட்பவர் நலம் விசாரிப்பார், கேட்காத விளக்கங்களைத் தருவார், திருப்பித் தரும் தேதியைத் தானே முந்திக்கொண்டு சொல்வார். தேவை பத்து என்றால் கேட்பது ஏழாக இருக்கும், கிடைப்பது மூன்றாக இருக்கும். அந்த மூன்றை வாங்கும்போது “இதுவே போதும்” என்பார். வாங்கிய பிறகு உடனே எழுந்து போக முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், பணத்துக்காக மட்டும் வரவில்லை என்று காட்ட. அந்தச் சில நிமிடம்தான் காட்சியிலேயே மிகக் கனமான இடம். புதியவர்கள் பணம் கைமாறியதும் காட்சியை வெட்டிவிடுகிறார்கள்.

நல்ல கருத்தை நன்கு உணர்ந்து சொன்னாலும் வறியவர் சொல் எடுபடாது என்கிறது குறள் 1046. இதை ஒரு சிறு பயிற்சியாகச் செய்துபார்க்கலாம். குடும்பம் கூடிப் பேசும் இடத்தில், பணமில்லாத தம்பி சரியான யோசனையைச் சொல்லட்டும். யாரும் காதில் வாங்கக்கூடாது. ஒரு பக்கம் கழித்து வசதியான மாமா அதையே சொல்லட்டும், எல்லோரும் தலையாட்டட்டும். தம்பி என்ன செய்கிறான்? “இதைத்தான் நான் அப்போதே சொன்னேன்” என்பவனும், மாமாவைப் பாராட்டுபவனும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவனும் மூன்று வேறு மனிதர்கள்.

எப்போதிலிருந்து ஏழை?

பிறந்ததிலிருந்தே இல்லாதவரும் நொடித்துப்போனவரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள மாட்டார்கள். முதலாமவருக்கு எந்தக் கடையில் எது கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும், யார் கடன் தருவார், யாரிடம் போகக்கூடாது எல்லாம் அத்துப்படி. நொடித்துப்போனவருக்கு அந்தத் திறமை இல்லை. பழைய பழக்கங்கள் இருக்கும். கையில் இருப்பதை எல்லாம் கொடுத்து விருந்தாளியை உபசரிப்பார். வறுமையிலிருந்து மேலே வந்தவர் மூன்றாவது வகை. பணம் வந்திருக்கும், பயம் போயிருக்காது. தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் மேல் ஒட்டுவார், இரவில் இரண்டு முறை பூட்டை இழுத்துப் பார்ப்பார், தன் பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால் காரணமில்லாமல் எரிந்துவிழுவார். கருமி என்று ஒரு சொல்லில் அடைத்துவிடும் பல பாத்திரங்கள் உண்மையில் இந்த மூன்றாவது வகைதான். அவர் எப்போது, எவ்வளவு நாள் பட்டினி கிடந்தார் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டால் கருமித்தனம் கேலிச்சித்திரமாகாது.

விற்கும் வரிசையும் ஆளைக் காட்டும். வீட்டில் ஏழு பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் போகிறது என்றால் எது முதலில், எது கடைசியில்? புத்தகங்களுக்கு முன் மோதிரம் போகிறதா, மோதிரத்துக்கு முன் புத்தகங்களா? கடைசிவரை விற்காத ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் காசு பெறாத பொருளாகவே இருக்கட்டும்.

முதல் சறுக்கல்

நல்லவர் ஒருவர் பணத்தால் கெட்டுப்போவதை நம்பும்படி எழுதுவது தொடக்கத்தில் கடினம். ஓர் எடுத்துக்காட்டு: சிறு சங்கம் ஒன்றின் பொருளாளர். சந்தாப் பணம் அவர் பெட்டியில் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசில்லை. இரண்டு நாள் கூலி அளவு எடுக்கிறார். சம்பளம் வந்ததும் ஒரு காசு குறையாமல் திருப்பி வைத்துவிடுகிறார். பலர் முதல் தடவையிலேயே அவரை மாட்டவைத்துவிடுவார்கள். மாட்டாமல் விடுங்கள். எடுத்தபோது அவருக்குக் கை நடுங்கியிருக்கும். திருப்பி வைத்தபோது ‘நான் திருடன் இல்லை’ என்று மனசுக்குள் ஒரு சான்றிதழ் கிடைத்திருக்கும். அடுத்த முறை அந்தச் சான்றிதழ்தான் பெட்டியைத் திறக்கும்.

இரண்டாம் முறை பத்து நாள் கூலி. காரணம் கொஞ்சம் லேசானது: பண்டிகைக்குத் துணி. திருப்பி வைக்கத் தாமதமாகிறது. மூன்றாம் முறை, தணிக்கை வருகிறது என்று தெரிந்ததும், பழைய குறையை ஈடுகட்ட அடுத்த மாதச் சந்தாவை முன்கூட்டியே வசூலித்து ரசீதில் தேதியை மாற்றுகிறார். இப்போது அவரை ஓட்டுவது வறுமையும் அல்ல, ஆசையும் அல்ல, பயம். படிக்குப் படி தொகை மட்டுமல்ல, தூண்டுதலும் மாறியிருக்கிறது. இரண்டு நாள் கூலியிலிருந்து ஒரே தாவலில் ஒரு வருடச் சம்பளத்துக்குப் போனால் வாசகர் நம்ப மாட்டார். ஒவ்வொரு படியிலும் அவரிடம் ஒரு நியாயம் இருக்க வேண்டும். அதை வாசகரும் ஒரு கணம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கே கெட்டுப்போகிறது

அதிகம் பார்க்கும் பிழை, ஏழையைத் தெய்வமாக்குவது. பொறாமை, பொய், சோம்பல், தற்பெருமை எதுவும் இல்லாத ஏழை ஒரு மனிதராகவே தெரிய மாட்டார். அதன் மறுபக்கம் எல்லாவற்றுக்கும் வறுமையைக் காரணம் காட்டுவது. அதற்கு மருந்து, கதைக்குள் ஓர் உடன்பிறப்பைக் கொண்டுவருவது. அதே வீடு, அதே பட்டினி, ஆனால் அக்கா வேறு மாதிரி ஆகியிருக்கிறாள். வறுமை அழுத்தும், எந்தப் பக்கம் வளைவது என்பதில் ஆளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பது அப்போது தெரியும்.

ஏழைக்கு ரசனையே இல்லாததுபோல் எழுதுவதும் பிழைதான். கையில் கொஞ்சம் காசு வந்ததும் அரிசி வாங்காமல் கண்ணாடி வளையல் வாங்குகிறவள் அறிவில்லாதவள் இல்லை. பிறகு, கணக்கு உதைப்பது: மூன்றாம் பக்கத்தில் பட்டினி கிடந்தவன் ஐந்தாம் பக்கத்தில் வாடகைக் காரில் போய் இறங்குவான். எதிர்பாராத சொத்து வந்து எல்லாம் தீர்ந்துபோகும் முடிவும் அப்படித்தான். பணம் வரட்டும், தவறில்லை. வந்த பிறகு பழைய பயத்தை என்ன செய்வது என்பதையும் எழுதினால் அது முடிவாகாமல் நடுப்பகுதியாக மாறிவிடும்.

முதல் பிரதி முடிந்ததும் ஒரு பென்சிலை எடுத்து, பணம் வரும், போகும் ஒவ்வொரு இடத்தையும் அடிக்கோடிடுங்கள். ஓரத்தில் கூட்டிக்கொண்டே வாருங்கள். கையிருப்பு எங்கே சுழிக்குக் கீழே போகிறதோ அங்கே யாரோ கடன் கொடுத்திருக்க வேண்டும், அல்லது ஏதோ விற்றிருக்க வேண்டும், அல்லது யாரோ சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும். அது பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘ஏழை’, ‘பாவம்’, ‘பேராசை’ என்ற சொற்களைத் தேடி அடித்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி வாசியுங்கள். காட்சி நின்றால் சரி. சரிந்தால், அந்தச் சொல் இருந்த இடத்தில் ஒரு தொகையோ தேதியோ பொருளோ விட்டுப்போயிருக்கிறது.